உப்பு, சர்க்கரை, ஒரு குவளைத் தண்ணீர்



நம் ஊருக்குக் கமுந்திங் என்று பெயர் வந்தது ஒரு செடியால். மலாய்க்காரர்கள் 'கெமுந்திங்' என்று அழைக்கும் அந்தப் புதர்ச்செடியில் இளஞ்சிவப்புப் பூ பூக்கும், கருநீலப் பழம் பழுக்கும். பேதி கண்டால் அதன் இலையையும் காயையும் கைமருந்தாகக் கொள்வது மலாய்க் கிராமத்து வழக்கம். பேதிக்கு மருந்தான ஒரு செடியின் பெயரைத் தாங்கிய ஊர் நம்முடையது. ஆகவே, பேதியில் மனிதன் ஏன் சாகிறான், அந்தச் சாவை எப்படித் தடுத்தார்கள் என்னும் வரலாற்றை இந்த மலரில் எழுதுவது பொருத்தமென்றே எண்ணுகிறேன்.

"வயித்தால போறவனுக்குத் தண்ணி குடுக்காதே, குடுத்தா இன்னும் போகும்" என்ற பேச்சைத் தோட்டத்து லயங்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். பாட்டிமார்களை மட்டும் குறை சொல்லாதீர்கள். படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர்களும் 'குடலுக்கு ஓய்வு கொடு' என்று நெடுங்காலம் சொல்லி வந்தவர்கள்தாம். அந்தச் சொல்லால் நாவறண்டு போன பிள்ளைகள் எத்தனை பேரோ!

முதலில் உடம்புக்குள் போய்ப் பார்ப்போம். எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆளின் உடம்பில் ஏறக்குறைய 42 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதில் பெரும்பகுதி உயிரணுக்களுக்குள்ளே கிடக்கிறது. இரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணுக்களை நீக்கிவிட்டால் மிஞ்சும் வைக்கோல் நிறத் தண்ணீருக்குப் பிளாஸ்மா என்று பெயர். அது வெறும் மூன்று லிட்டர்தான். ஆனால் அந்த மூன்று லிட்டரின் உப்புக் கனம் ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து. வெள்ளரிக்காயை நறுக்கி உப்புத் தூவி வைத்தால் தண்ணீர் விடுகிறதல்லவா? அதே கதைதான். உப்பு அதிகமுள்ள பக்கம் தண்ணீர் ஓடும். பிளாஸ்மாவில் உப்பு ஏறினால் மூளையணு சுருங்கும். உப்புக் குறைந்தால் மூளையணு தண்ணீரை உறிஞ்சி வீங்கும். இரண்டிலும் முடிவு வலிப்பு, மயக்கம், சில வேளை மரணம்.

இந்த உள்நீரின் நிலைமையை மாறாமல் காப்பதே உயிர் வாழ்வின் அடிப்படை என்று முதலில் தெளிவாகச் சொன்னவர் கிளாட் பெர்னார் என்னும் பிரெஞ்சுக்காரர். காலம் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. சொன்னாரே தவிர, காவல் காப்பது யார் என்று அவருக்குத் தெரியாது. காவல்காரன் அகப்பட்டது இங்கிலாந்தில். எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்பவர் 1896-இல் பிளாஸ்மாவில் உள்ள புரதமே தண்ணீரைக் குழாய்க்குள் பிடித்து வைக்கிறது என்று காட்டினார். 'ஹார்மோன்' என்ற சொல்லை 1905-இல் உலகுக்குக் கொடுத்தவரும் அவரே. 1920-களில் அவரும் அவருடைய இளைய துணைவர் எர்னஸ்ட் பேசில் வெர்னியும் நாயின் சிறுநீரகத்தைத் தனியே எடுத்து இரத்தம் ஓட்டிப் பார்த்தார்கள். தனித்து விடப்பட்ட சிறுநீரகம் வெறும் தண்ணீரைப் போலச் சிறுநீரைக் கொட்டியது. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றைச் சேர்த்தார்களோ இல்லையோ, கொட்டுவது அடங்கி, சிறுநீர் கெட்டியாயிற்று. சரி, அந்தச் சுரப்பிக்கு உத்தரவு யார் கொடுக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு வெர்னி இருபது ஆண்டுகளுக்கு மேல் செலவிட்டார். பொறுமைக்கு அவரைச் சொல்ல வேண்டும். நாய்களைப் பழக்கி, அசையாமல் படுத்திருக்கச் செய்து, மூளைக்குப் போகும் கழுத்துத் தமனியில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு நீரைச் செலுத்தினார். மூளைக்குப் போகும் இரத்தத்தின் உப்புக் கனம் சுமார் 2 சதவிகிதம் ஏறினாலே போதும், நாயின் சிறுநீர் சுருங்கிவிட்டது. நூற்றுக்கு இரண்டு! நம் வீட்டுச் சாம்பாரில் அவ்வளவு உப்பு கூடினால் நாக்குகூடக் கண்டுபிடிக்காது, மூளை கண்டுபிடித்துவிடுகிறது. 1947-இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் நிகழ்த்திய குரூனியன் சொற்பொழிவில் வெர்னி இதை முறையாக வெளியிட்டார். மூளையின் அடிப்பகுதியில் உப்பை உணரும் அணுக்கள் இருக்கின்றன. உப்பு ஏறினால் அவை பிட்யூட்டரி வழியாக வாசோபிரஸின் என்ற ஹார்மோனை விடுகின்றன, கூடவே தாகத்தையும் கிளப்புகின்றன. சிறுநீரகம் வழியாகத் தினமும் 180 லிட்டர் நீர் வடிகட்டப்படுகிறது. அதாவது நம்மிடம் உள்ள மூன்று லிட்டர் பிளாஸ்மா நாளைக்கு 60 தடவை சலிக்கப்படுகிறது. அதில் ஒன்றரை லிட்டர்போல வெளியே போக, மிச்சம் முழுவதும் திரும்புகிறது. எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைக் கடைசியில் சரிசெய்வது அந்த ஹார்மோன். தண்ணீர் புகும் துவாரம் எது என்பது பிறகுதான் தெரிந்தது. 1992-இல் பீட்டர் ஏக்ர் என்னும் அமெரிக்கர் 'அக்குவாபோரின்' என்ற புரதக் குழாயைக் கண்டுபிடித்தார். 2003-இல் நோபெல் பரிசும் பெற்றார்.

ஸ்டார்லிங் சொன்ன குழாய்க் கணக்கு நம் நாட்டுக்கு மிகவும் வேண்டியது என்பதால் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறேன். டிங்கிக் காய்ச்சல் 1901-02-ஆம் ஆண்டிலேயே பினாங்கில் பதிவானது; உயிரைக் குடிக்கும் இரத்தக்கசிவு வகை அதே பினாங்கில் 1962-இல் தலைகாட்டியது. அந்தக் காய்ச்சலில் பலருக்குச் சாவு வருவது இரத்தம் கொட்டி அன்று. நுண்குழாய்ச் சுவர்கள் ஓட்டை விட்டு, பிளாஸ்மா மட்டும் கசிந்து வெளியேறுவதால். சிவப்பணு உள்ளேயே நிற்க, இரத்தம் கெட்டியாகிறது. தைப்பிங் மருத்துவமனையில் டிங்கி நோயாளியின் விரலைக் குத்திக் குத்தி ஏன் இரத்தம் எடுக்கிறார்கள் என்று சலித்துக்கொள்கிறீர்களே, அந்தக் கெட்டித்தனத்தைத்தான் அளந்து பார்க்கிறார்கள்.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம் முன்னோர் எட்டுத் திசையும் தண்ணீராய் இருக்க, குடிதண்ணீரை அளந்து குடித்தவர்கள். கடல் நீரைக் குடித்தால் என்ன? கடல் நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு. நம் சிறுநீரகம் அவ்வளவு கெட்டியாக உப்பை வெளியேற்ற வல்லதன்று. ஒரு குவளை கடல் நீரைக் குடித்தவன் அந்த உப்பைக் கழிக்க ஒரு குவளைக்கு மேல் சொந்தத் தண்ணீரைச் செலவழிக்க வேண்டும். குடிக்கக் குடிக்க வறள்வான். கப்பலில் காலரா கண்டுவிட்டால் இன்னும் மோசம். பினாங்குக்குப் பக்கத்து ஜெரஜாக் தீவில் நம்மவர்களை இறக்கி ஒதுக்கி வைத்தார்களே, அந்த முகாமின் காரணங்களுள் ஒன்று இந்த வாந்திபேதி.

வெறும் தண்ணீரும் ஆபத்தாகும் என்பதையும் சொல்ல வேண்டும். நம் கமுந்திங்குக்குப் பழைய பெயர் 'கிளியான் பாரு', புதுச் சுரங்கம் என்று பொருள். ஈயம் தோண்டியவர்கள் இந்த மண்ணில் சிந்திய வியர்வைக்கு அளவில்லை. வியர்வை உப்புக் கரிக்கும். தண்ணீரோடு உப்பும் போகிறது என்பதற்கு அதுவே சாட்சி. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்த தொழிலாளிகள் கை கால் இழுத்துக்கொண்டு வலியில் துடித்தார்கள். 1923-இல் மாஸ் என்பவரும் ஹால்டேன் என்ற புகழ்பெற்ற விஞ்ஞானியும் காரணத்தைச் சொன்னார்கள்: உப்பில்லாத தண்ணீர் உள்ளே போகப் போக, மிஞ்சிய உப்பும் நீர்த்துப் போகிறது. குடிக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்புச் சேர்த்ததும் பிடிப்பு நின்றது. வேலைக்குப் போகுமுன் உப்புப் போட்ட கஞ்சியை ஒரு மங்கு குடித்துவிட்டுப் போன நம் பால்மரத் தொழிலாளர்களுக்கு ஹால்டேனின் பெயர் தெரியாது. தெரியாமலேயே சரியாகச் செய்தார்கள்.

காலராவில் நேர்வது என்ன? ஒரே நாளில் பத்து லிட்டருக்கு மேலும் கஞ்சித் தண்ணீர் போல வெளியே போய்விடும். காவல்காரனான மூளை தாகத்தைக் கிளப்பித்தான் பார்க்கிறது. சிறுநீரகம் கதவை அடைத்துவிடுகிறது. ஒரு சொட்டுச் சிறுநீர் வராது. ஆனால் திருட்டு நடப்பது சிறுநீரகத்தில் இல்லையே, குடலில் அல்லவா! கண் குழிந்து, குரல் கம்மி, நாடி நூலாகி, காலையில் நன்றாயிருந்தவன் மாலையில் பிணம்.

1831-இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் காலரா பரவியபோது, வில்லியம் புரூக் ஓஷானஸி என்னும் இருபத்திரண்டு வயது அயர்லாந்து மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார். தண்ணீரும் உப்பும் போயிருப்பதைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். இதே ஓஷானஸிதான் பிறகு கல்கத்தா வந்து, இந்தியாவில் தந்திக் கம்பி போட்டவர்! அவர் சொன்னதைச் செய்து பார்த்தவர் ஸ்காட்லாந்தில் லீத் நகரத்து டாக்டர் தாமஸ் லட்டா. 1832-இல், கைவிடப்பட்ட ஒரு கிழவியின் கை நரம்பில் உப்பு நீரை ஏற்றினார். அரை மணி நேரத்தில் ஆறு பைண்ட், ஏறத்தாழ மூன்றரை லிட்டர். பிணம்போல் கிடந்தவள் கண் திறந்து பேசினாள். லட்டா களைத்துப்போய், மருத்துவமனை மருத்துவரிடம் அவளை ஒப்படைத்துவிட்டுப் போனார். பேதி மறுபடி தொடங்கியது. மறுபடி நீரேற்ற யாருக்கும் தோன்றவில்லை. சில மணி நேரத்தில் அவள் இறந்தாள். மறு ஆண்டே லட்டாவும் காலமானார். கையில் கிடைத்த உண்மையை மருத்துவ உலகம் ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு மறந்திருந்தது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் நெஞ்சை உறுத்தும் இடம் இதுவே. அந்த முக்கால் நூற்றாண்டில்தானே தஞ்சையிலும் திருச்சியிலும் காலராவும் பஞ்சமும் சேர்ந்து நம்மவர்களைக் கப்பலுக்கு விரட்டின!

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லெனார்டு ரோஜர்ஸ் கெட்டியான உப்பு நீரை நரம்பில் ஏற்றிச் சாவைப் பாதியளவுக்குக் குறைத்தார். அதே கல்கத்தாவில் சம்புநாத் தே என்னும் மருத்துவர், முயலின் குடலை வைத்துச் செய்த சோதனைகளால், காலராக் கிருமி விடும் நஞ்சே குடலைத் தண்ணீர் கொட்டச் செய்கிறது என்று 1959-இல் மெய்ப்பித்தார். குடல் புண்ணாகிச் சிதைந்துவிடுகிறது என்றிருந்த பழைய எண்ணம் ஆட்டம் கண்டது. குடல் சிதையவில்லை என்றால், வாய் வழியாகவே நீர் கொடுக்கலாமே? 1953-இலேயே ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற வங்காளி மருத்துவர் குளுக்கோஸும் உப்பும் கலந்த நீரை 186 காலரா நோயாளிகளுக்கு வாய்வழி கொடுத்துக் காப்பாற்றி, 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதியிருந்தார். நம் வீட்டுக் கொல்லையில் வளரும் கற்பூரவள்ளி இலைச் சாற்றையும் அவர் பயன்படுத்தினார். மேலைநாட்டார் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. கல்கத்தாவிலிருந்து வந்த கடிதம்தானே என்று நினைத்தார்களோ என்னவோ!

ஏன் குளுக்கோஸ்? இதற்கு விடை 1960-இல் பிராக் நகரத்து மாநாட்டில் ராபர்ட் கிரேன் என்பவரிடமிருந்து வந்தது. குடலின் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. அதற்கு இரண்டு சாவி: ஒன்று உப்பில் உள்ள சோடியம், மற்றது குளுக்கோஸ். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். அவை உள்ளே போனால், வெள்ளரிக்காய்க் கதைப்படி, தண்ணீரும் பின்னாலேயே போகும். காலரா நஞ்சு மற்ற வழிகளைக் கெடுத்தாலும் இந்தக் கதவைத் தொடுவதில்லை! வெறும் தண்ணீர் கொடுத்தாலும் பயனில்லை, உப்பு நீர் மட்டும் கொடுத்தாலும் பயனில்லை, சர்க்கரை சேர்ந்தால் உயிர். 1961-இல் இந்தோனேசியாவின் சுலாவேசியில் கிளம்பிய காலரா அதே ஆண்டு சரவாக்கை எட்டி, ஆசியா முழுதும் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. 1968-இல் டாக்கா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரு இளைஞர்கள் அளந்து குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். டிரிப்ஸ் தேவை ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது.

ஆய்வுக்கூடத்தில் நடந்தது ஊருக்குள் நடக்குமா? 1971-இல் வங்காள தேசப் போரின்போது இலட்சோப இலட்சம் அகதிகள் இந்திய எல்லை தாண்டி வந்தார்கள். போங்கான் என்ற எல்லை ஊரின் சின்ன மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையெங்கும் கிடந்தார்கள். அங்கு அனுப்பப்பட்ட டாக்டர் திலீப் மஹலனாபிஸ், வாந்தியும் மலமும் கலந்த தரையில் முழந்தாளிட்டு நரம்பு தேடி ஊசி போட்டார். டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோகும் நிலை. துணிந்து ஒரு முடிவு எடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சமையல் உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு. கல்கத்தாவில் பொட்டலம் கட்டி, சூடான இஸ்திரிப்பெட்டியால் பிளாஸ்டிக் பையை ஒட்டி, முகாமுக்கு அனுப்பினார்கள். பீப்பாயில் கரைத்து வைத்தார்கள். தாயும் தங்கையும் குவளையில் பிடித்து நோயாளிக்கு ஊட்டினார்கள். டாக்டர் செய்ய வேண்டியதை அம்மா செய்தாள். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு 3.6 ஆக இறங்கியது.

'லான்செட்' இதழ் 1978-இல், இந்த நூற்றாண்டின் தலையாய மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று தலையங்கம் தீட்டியது. 1980 வாக்கில் உலகில் ஆண்டுதோறும் சுமார் 46 இலட்சம் சிறு பிள்ளைகள் பேதியால் இறந்ததாக மதிப்பிட்டார்கள். இப்போது அந்தக் கணக்கு 5 இலட்சத்துக்குள். சுத்தமான தண்ணீருக்கும் தடுப்பூசிக்கும் இதில் பங்குண்டு, மறுக்கவில்லை. மஹலனாபிஸ் 2022-இல் மறைந்தார். பத்ம விபூஷண் விருது மறு ஆண்டு வந்தது. உயிரோடு இருக்கும்போது கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

வங்காள தேசத்தில் 'பிராக்' என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுகளில் ஒரு கோடியே இருபது இலட்சம் வீடுகளுக்குப் பெண் பணியாளர்களை அனுப்பி, மூன்று விரலால் எடுக்கும் உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர் என்று தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தத் தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று சோதித்த பிறகே பணியாளருக்குச் சம்பளக் கணக்கு. நம் பள்ளிகளில் அப்படி ஒரு கணக்கு வைத்தால் எப்படி இருக்கும்? ஆசிரியர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம்!

தமிழ்நாட்டுப் பங்கும் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி. எஸ். இராமகிருஷ்ணாவும் துணைவர்களும் 48 காலரா நோயாளிகளை மூன்று குழுவாக்கி, வழக்கமான நீர், அரிசி மாவு சேர்த்த நீர், சிறுகுடலில் செரிக்காத ஒருவகைச் சோள மாவுச்சத்துச் சேர்த்த நீர் என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2000-ஆம் ஆண்டு வெளியான முடிவு: மூன்றாவது குழுவுக்குப் பேதியும் குறைந்தது, சீக்கிரமும் நின்றது. செரிக்காத மாவைப் பெருங்குடலில் உள்ள நல்ல கிருமிகள் புளிக்க வைக்கின்றன. அதில் பிறக்கும் அமிலங்கள் உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுக்கின்றன. வடித்து ஆறிய சோற்றில் இத்தகைய மாவுச்சத்து சற்றுக் கூடுதல் என்பதை நம் நீராகாரப் பிரியர்கள் அறிந்தால் மகிழ்வார்கள்.

2002-இல் உலகச் சுகாதார நிறுவனம் பொட்டலத்தின் உப்பையும் சர்க்கரையையும் குறைத்தது. பழைய கலவை பிளாஸ்மாவைவிடக் கொஞ்சம் கெட்டி. புதியது அதைவிட நீர்ப்பு. மருந்துக்கடையில் இன்று வாங்கும் பொட்டலம் அந்தப் புதிய அளவில் வருவது. பொட்டலம் இல்லாத வேளையில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கலக்கியபின் நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு வேறு கலக்குங்கள். டின்னில் வரும் ஐசோடோனிக் பானம் பொதுவாக இதற்கு ஈடாகாது, சர்க்கரை கூடுதல், உப்புக் குறைவு. குழந்தைக்குக் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், குடிக்கவும் திராணியில்லாமல் பிள்ளை துவண்டால், அங்கே கரண்டிக்கு வேலையில்லை. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், லட்டாவின் டிரிப்ஸ் அங்கே இருக்கிறது.